செவ்வாய்க்கிழமை எண்ணிய தெரு

அன்பு மகளுக்கு,

உன் கம்பெனி நம் கடையைச் செத்துப்போனதாக எழுதிவிட்டது. அதை விட்டால் இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்குக் கண்ணில் நீர் வடிவதும் நின்றுவிட்டது, நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதை இந்தக் காலத்தில் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்து முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு மீட்டிங் வராது, பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும். கடையில் அளவு பார்க்க உட்காருகிற அந்தக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன், யாராவது வந்தால் எழுந்து போய்விட்டு வந்து தொடர்வேன், ஆகவே அங்கங்கே கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். யாரும் வருவார்கள் என்று தோன்றவில்லை, கோணல் அதிகம் இருக்காது.

போன புதன்கிழமை காலை அப்பா கடை திறக்க முன்னால் போனார், நான் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். தெருமுனை திரும்பும்போதே பார்த்தேன், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஷட்டருக்கு எதிரே நடைபாதையில் நிற்கிறார், குனியவில்லை. கிட்டே போனால் ஷட்டர் முழுக்க மேலிருந்து கீழ்வரை பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறது. அதில் நம் கடை. நம் ஏணி, நம் பெட்டிகள், ஏணியில் பாதி உயரத்தில் அப்பா, கையில் ஒரு பெட்டியோடு தோளைத் திருப்பிச் சிரிக்கிறார். ஆள் உயரத்துக்கே அச்சடித்திருக்கிறார்கள். காலடியில் அழகான சாய்வெழுத்தில் ‘ஒரு காலத்தில் இங்கே ஒரு செருப்புக்கடை இருந்தது’ என்று ஒரு வரி. அப்பா அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் மாதிரி மெதுவாக வாய்விட்டுப் படித்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, “படத்துல நல்லாத்தான் விழுந்திருக்கேன், இல்ல?” என்றார். உன் அப்பாவுக்குக் கோபம் என்ற ஒன்றைக் கடவுள் வைக்கவே இல்லை, அவர் பங்கையும் சேர்த்து என்னிடம் கொடுத்துவிட்டான்.

ஷட்டரைத் தூக்கினோம். பசை உள்ளே பட்டை இடுக்கெல்லாம் இறங்கிக் காய்ந்திருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இருவரும் தூக்க, முதலில் படத்தில் மேல்தட்டுப் பெட்டிகள் சுருண்டு உள்ளே போயின, அப்புறம் ஏணியின் உச்சி, தரையிலிருந்து எங்கள் இடுப்பு உயரம் வந்ததும் ஷட்டர் நின்றுவிட்டது, அதற்குமேல் ஒரு விரல்கூட நகரவில்லை. அன்றைக்கு முழுக்கக் குனிந்துதான் உள்ளே போனோம், குனிந்துதான் வெளியே வந்தோம். மேலே அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார், கீழே அப்பா முதுகைப் பிடித்துக்கொண்டு தவழ்கிறார். ஒரு பெண், பள்ளிக்கூட ஷூ வாங்க மகளோடு வந்தவள், தெருவில் நின்றபடி தலையை மட்டும் உள்ளே நீட்டி, உள்ளே நிஜமாகவே ஆள் இருக்கிறீர்களா, நான் இதையும் படம் என்று நினைத்துப் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தேன் என்றாள். அவளாவது திரும்பி வந்தாள்.

தெரு முழுக்க இப்படித்தான் ஒட்டியிருக்கிறார்கள். மூடிக்கிடந்த கடிகாரக் கடையில் கடிகாரம், மூடிக்கிடந்த ரொட்டிக்கடையில் ரொட்டி, துணிக்கடையில் பத்துப் பேர் சிரித்துக்கொண்டு துணி பார்க்கிறார்கள், அந்தத் துணிக்கடை நடந்த காலத்திலேயே அங்கே பத்துப் பேரைச் சேர்த்துப் பார்த்தவர் கிடையாது. செத்த கடைக்கு அலங்காரம் செய்துகொள்ளட்டும், எனக்கென்ன. உயிரோடு இருக்கிறவர்கள்மேல் எப்படி ஒட்டினார்கள் என்று விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தெருவில் எத்தனை கடை நடக்கிறது, எத்தனை மூடிக்கிடக்கிறது என்று எண்ணுவதற்கு நகராட்சிக்காக உன் கம்பெனி ஆள் அனுப்பியிருக்கிறது. அந்த ஆட்கள் முன்பே ஒரு செவ்வாய்க்கிழமை வந்திருக்கிறார்கள். நம் தெருவுக்கு வார விடுமுறை செவ்வாய் என்பது இந்த ஊரில் தெருநாய்க்கும் தெரியும், அன்றைக்கு அது சோற்றுக்கு அடுத்த தெருவுக்குப் போய்விடும். வந்தவர்கள் மூடின ஷட்டரை எல்லாம் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார்கள், திறந்திருந்த மருந்துக்கடையை மட்டும் உயிரோடு இருப்பதாக எழுதிக்கொண்டார்கள், மற்றது எல்லாம் காலி என்று முடித்துவிட்டுப் போனார்கள். யாரையும் கேட்கவில்லையா என்றால், கேட்பதற்குத் தெருவில் ஆள் இல்லையாம். எப்படி இருக்கும், செவ்வாய்க்கிழமை.

தெரு நன்றாக இருந்தது, வெளியாட்கள் வந்து கெடுத்துவிட்டார்கள் என்று நான் அழவில்லை. எனக்கு அந்த ஒப்பாரி பிடிக்காது, நம் வியாபாரிகள் சங்கத்தில் அதை வாராவாரம் பாடுகிறார்கள். இந்தத் தெருவைக் கெடுத்ததில் முதல் பங்கு இந்தத் தெருக்காரர்களுக்குத்தான். வாடிக்கையாளர் வண்டி நிறுத்த இடம் இல்லை என்று கத்துவார்கள், விடிந்ததும் அவரவர் கடைக்கு முன்னால் அவரவர் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டுத்தான் கத்துவார்கள். விற்றதைத் திரும்ப எடுக்கமாட்டார்கள், கேட்டால் மூஞ்சியைக் காட்டுவார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்கிற பெண்ணை ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதைப் போல் பார்ப்பார்கள். சாக்கடை மூடி உடைந்து எத்தனையோ காலம், அதன்மேல் ஒரு அட்டைப்பெட்டியைப் போட்டு மறைத்து வியாபாரம் செய்தார்கள், ஒருவர் கால் உள்ளே போனபோதும் அட்டைதான் புதிதாக மாறியது. ஊருக்கு வெளியே அந்தப் பெரிய வணிக வளாகம் வந்தவுடன் ஜனம் எல்லாம் அங்கே ஓடியதென்றால் குளிர்காற்றுக்கு மட்டும் ஓடவில்லை, மனுஷனாக மதிக்கிறார்களா என்று பார்க்கவும்தான் ஓடியது. அங்கேயும் மதிக்கவில்லை என்பது வேறு கதை. அப்புறம் போன் வந்தது, எல்லாம் வீட்டு வாசலுக்கு வந்தது. நம் கடைக்கு வந்து உட்கார்ந்து, அப்பாவைக் குனியவைத்து, நாலு பெட்டி இறக்கச் சொல்லி, போட்டு நடந்து பார்த்துவிட்டு, “அங்கிள், எட்டா ஒன்பதா மட்டும் சொல்லுங்க, போதும்” என்று கேட்டு, இதே ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போனில் ஆர்டர் போட்டவனை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பது, அந்த மாடல் கொஞ்சம் இறுக்கும் என்று அப்பா ஆலோசனை வேறு சொல்லி அனுப்பினார். அவனைச் சொல்லி என்ன, அப்பா பிறந்தநாளுக்கு நீயே ஒரு ஜோடி ஷூ அனுப்பினாயே, செருப்புக்கடை முகவரிக்குக் கூரியரில் செருப்பு வந்ததைப் பார்த்து அந்தக் கூரியர்காரர் கையெழுத்து வாங்க மறந்து சிரித்தார். அப்பா அதைத்தான் போட்டுக்கொண்டு கடைக்கு வருகிறார். இறுக்குகிறது என்று உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

ஆகவே தெருவைத் தூக்கி நிறுத்தப் போகிறோம் என்று நகராட்சி அறிவித்தபோது சந்தோஷப்பட்ட முட்டாள்களில் நானும் ஒருத்தி. சாக்கடையைச் சரிசெய்வார்கள், ஒரு கழிப்பறை கட்டுவார்கள், பேருந்தை மறுபடி தெருமுனையில் நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். வந்தது என்ன தெரியுமா? கல் பதித்தார்கள், சாக்கடை மூடிமேலேயே பதித்துவிட்டார்கள், இனி அடைத்தால் யார் எங்கே தோண்டுவது? பெஞ்சு போட்டார்கள், நடுவில் இரும்புத் தடுப்போடு, வீடில்லாதவர் யாரும் படுத்துவிடக் கூடாதாம். பெரிய பெரிய தொட்டியில் செடி வைத்தார்கள், இப்போது அதில் சிகரெட் துண்டு முளைத்திருக்கிறது. வங்கி மூலையில் பாயை விரித்துச் சீப்பு, ஊக்கு, ரப்பர் பேண்டு விற்றுக்கொண்டிருந்தாளே ஒருத்தி, நீகூடச் சின்ன வயதில் அவளிடம்தான் வாங்குவாய், அவளைப் பாதசாரிக்கு இடைஞ்சல் என்று இரண்டு காவலாளிகள் வந்து பாயோடு கிளப்பினார்கள். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்சுவரில் இப்போது ஒரு ஓவியம் வரைந்திருக்கிறார்கள். என்ன ஓவியம்? ஒரு பெண் தரையில் உட்கார்ந்து சாமான் விற்கிறாள். எனக்கு அந்தச் சுவரைத் தாண்டும்போது துப்ப வேண்டும்போல் இருக்கிறது. துப்பினால் அபராதம் என்று பக்கத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள்.

இதை எல்லாம் தட்டிக்கேட்க வேண்டியவர் சங்கத் தலைவர், நம் பக்கத்து எலெக்ட்ரிக் கடைக்காரர், நாம் ஃபியூஸ் என்று கூப்பிடுவோமே அவர்தான். அவர் கடை ஷட்டரிலும் பல்பு படம் ஒட்டியிருக்கிறார்கள். என்ன தலைவரே, நீங்களும் போய்ச்சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார்களே என்று கேட்டேன். அவர் அண்ணாந்து புது விளக்குக் கம்பங்களைப் பார்த்தார். “விடுங்க அக்கா, படந்தானே, பெரியவங்களப் பகைச்சுக்கக் கூடாது” என்றார். தெருவிளக்கு ஆர்டர் முழுக்க அவருக்குத்தான் போயிருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் விடியவிடிய எரிகிறது, கல்யாண மண்டபம் தோற்றது.

ஷட்டர் மாட்டிக்கொண்டதைச் சொல்லி நகராட்சிக்குப் போன் செய்தேன், அவர்கள் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள், மறுநாள் உன் கம்பெனியிலிருந்து கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். வயது உன்னைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், மரியாதையான பையன்தான், குனிந்து உள்ளே வந்து ஏசி இல்லையா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர், “மேடம், புதுத் தெருவோட திறப்பு விழா வரைக்கும் ஷட்டரைத் தூக்காம இருக்க முடியுமா? படம் கெட்டுப்போகுது” என்றார். “தூக்கலேன்னா நாங்க எப்படித் தம்பி உள்ள வர்றது?” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்பக்கம் வழி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார், அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

அதற்கப்புறம் அவர் சொன்னதை நன்றாகக் கவனித்துப் படி, நான் இவ்வளவு எழுதுவதே அதற்காகத்தான். கணக்கில் நம் கடை காலி என்று போய்விட்டதாம். அது தப்பு என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் செல்லாதாம், வாடகைக்கு இருப்பவர்கள் எதை வேண்டுமானாலும் சொல்வார்களாம். எந்த நாளில் எண்ணுவது என்று முடிவுசெய்து ஆள் அனுப்பிய பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறாராம், அவர் தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், மறுபடி எண்ணுவார்களாம். அது யார் என்று கேட்டேன். அவர் உன் பெயரைச் சொன்னார். அவர் நிறுத்தாமல் உன்னைப் புகழ்கிறார், ரொம்பத் திறமைசாலி, இந்தப் பக்கமெல்லாம் அவருக்குப் பழக்கமே கிடையாது, இருந்தாலும் படங்களைப் பார்த்தே தெருவைப் புரிந்துகொண்டார், ஷட்டரில் ஒட்டலாம் என்ற யோசனையும் அவருடையதுதான், இந்த ஏணிப் படத்தைக்கூட எங்கிருந்தோ தேடிப்பிடித்துக் கொடுத்தார் என்றார். நான் வாயைத் திறந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார், இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படி அழுத்திப் பிடித்ததில்லை. அந்தப் பையனிடம், “நல்ல பொண்ணா இருக்கும்போல, வேலைக்கு ஒண்ணும் பாதிப்பு வந்துடாதே?” என்று கேட்டார். பையன் சிரித்துக்கொண்டே, தப்பு என்று ஒப்புக்கொண்டால் கொஞ்சம் சங்கடம்தான் என்றார். அப்பா சரி சரி என்று தலையை ஆட்டினார், எங்கள் பெண் என்று சொல்லவில்லை. அந்தப் பையன் போனதும் நான் அப்பாவிடம் கத்தினேன். அப்பா பெட்டிகளை எடுத்து எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்துக்கொண்டே இருந்தார்.

பழக்கமே இல்லாத பக்கமா? மேலே அந்த மூன்றாவது தட்டுக்குக் கீழே மேசை போட்டுத்தான் நீ பத்தாம் வகுப்புவரை படித்தாய். செவ்வாய்க்கிழமை என்றால் உனக்குத்தான் முதலில் தெரியும், கடை மூடியிருக்கிற நாள், அப்பா உனக்கு முழுசாகக் கிடைக்கிற நாள், காலையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாய். மறந்துவிட்டாயா, தெரிந்தே அந்த நாளைக் குறித்தாயா என்று எனக்குள் மாறி மாறி ஓடுகிறது. கடையை மூடிவிட்டு என்னோடு வந்து இருங்கள், அந்தத் தெரு எப்போதோ போய்விட்டது என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். நாங்கள் கேட்கவில்லை என்று, எங்கள் நல்லதுக்காக, எங்களுக்குத் தெரியாமல் இழுத்து மூடிவிடலாம் என்று நினைத்தாயா? அப்படியென்றால் அது பாசம் என்று சொல்லிக்கொண்டு என் முன்னால் வராதே. மறந்துவிட்டேன் என்றால்கூட ஏற்றுக்கொள்வேன், மறப்பதற்குத்தானே அவ்வளவு தூரம் போனாய். ஆனால் போன தடவை வந்தபோது அப்பாவை ஏணியில் ஏறச் சொல்லி, பெட்டியைக் கொடுத்து, இப்படித் திரும்புங்கப்பா, சிரிங்கப்பா என்று அந்தப் படத்தை நீதான் எடுத்தாய். நானே வைத்துக்கொள்ளத்தான் என்றாய்.

வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரியாததில்லை, உன் படிப்புக்கு நாங்கள் என்ன பட்டோம் என்பதை இங்கே இழுக்க மாட்டேன். இங்கே நடப்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கட்டடச் சொந்தக்காரரின் மகன் நேற்று வந்திருந்தான், கிழவர் இருந்தவரை கூரை ஒழுகினால்கூட எட்டிப்பார்க்காத குடும்பம். காலிக் கடையாக இருந்தால் நகராட்சியே புது ஆளைக் குடிவைத்து அந்த ஆளுக்கான வாடகையையும் கொஞ்ச காலம் கொடுக்கிறதாம், திட்டத்தில் அப்படி இருக்கிறது. விழாவுக்கு முன்னால் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்றான். நாங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறோமே என்றேன். “கணக்குப்படி நீங்க இங்க இல்லவே இல்லையே ஆன்ட்டி” என்றான். அவன் அதைச் சொன்னபோது அப்பா ஏணியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு காபிக்கடை வரப்போகிறதாம், ரொம்ப அழகாகச் செய்யப்போகிறார்களாம், அந்த ஏணிப் படத்தை மட்டும் எடுக்காமல் உள்ளே சுவரில் மாட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார்களாம், பழைய காலத்துக் களை வருமாம். உயிரோடு இருக்கிற உன் அப்பா வெளியே போக வேண்டும், படத்தில் இருக்கிற உன் அப்பா உள்ளே இருக்கலாம். அப்பா இறங்கி வந்து அவனுக்கு என்ன அளவு என்று பார்த்தார், பழக்கதோஷம்.

இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது, ஏதோ கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், தெரிந்தால் கிழித்துவிடுவார், ஆகவே போன் செய்து அவரிடம் அழாதே. விழாவுக்கு உன் கம்பெனியிலிருந்து பெரிய ஆட்களோடு நீயும் வருவதாக அட்டைக்காரர் சொன்னார். எங்களிடம் நீ சொல்லவில்லை. ஓட்டலில் தங்கி, வேலையை முடித்து, அப்படியே போய்விடலாம் என்று இருந்தாயோ என்னவோ. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, உன் கைக்கு வேலை குறையாமல் இருக்கட்டும், உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும், இதை மனசாரத்தான் எழுதுகிறேன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே, இடையில் எழுந்து நட, கழுத்து வலிக்கு அந்த மருந்தைத் தினமும் தடவு, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே.

விழாவுக்கு வா. உன் மேலதிகாரிகளோடு சேர்ந்து தெருவில் நடந்து நம் கடை முன்னால் வந்து நில். நாங்கள் ஷட்டரைத் தூக்கி வைத்திருப்போம், கிழிந்தாலும் சரி. அத்தனை பேர் முன்னாலும், இது நடக்கிற கடை, கணக்கு தப்பு, நாள் குறித்தவள் நான், உள்ளே நிற்கிற இவர் என் அப்பா என்று வாயைத் திறந்து சொல். சொல்வாயா, மாட்டாயா? வேறு எதுவும் எழுத வேண்டாம், அதை மட்டும் எழுது.

அம்மா